மலைப்பாம்புக்கு வெச்ச காலு

உக்காருங்க மேடம். அந்த ஸ்டூல் வேண்டாங்க, அது ஒரு பக்கம் ஆடும். இந்த நாற்காலியில உக்காருங்க. கதவைத் தாழ் போட்டுட்டேன்னு ஒண்ணும் நெனச்சுக்காதீங்க, கொரங்குத் தொல்லைங்க. போன மாசம் ஒண்ணு உள்ள பூந்து ஆமை ஓட்டைத் தூக்கிட்டு மாமரத்துல ஏறிக்கிச்சு. பிரின்சிபால் மரத்தடியில நின்னுக்கிட்டு, குடு, குடுன்னு அதுகிட்ட கெஞ்சிட்டிருந்தாரு. அதுலருந்து நான் மியூசியத்துக்குள்ள இருந்தா தாழ் போட்டுக்கறதுங்க.

எம் பேரு மாரப்பன். விலங்கியல் துறையில ஆய்வக உதவியாளருங்க. அட்டெண்டர்னு கூப்பிட்டாலும் திரும்பிப் பாப்பேன். இருபத்தாறு வருசமாச்சு. நாச்சிமுத்து சார் பதினொரு மணிக்கு வருவாரு. பிரின்சிபாலும் அப்பத்தான் வருவாரு. மணி இப்ப ஒம்போதே முக்காலுங்க. நீங்க பெங்களூருலருந்து பாம்பு எலும்பைப் பாக்க வர்றீங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. சீக்கிரமா வந்துட்டீங்க, அதுவும் நல்லதாப் போச்சு. கண்ணாடிப் பெட்டிச் சாவி எங்கிட்டத்தானுங்க இருக்குது. தொறக்கறேன், தொறக்காம எங்க போயிருவேன். ஆனா நான் சொல்றதைச் சித்த கேட்டுட்டு அப்பறம் பாருங்க. அந்த லென்சை மட்டும் பைக்குள்ள வெச்சிருங்க மேடம். உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன்.

தலையை இங்கிருந்தே பாருங்க. எப்பிடி இருக்குது? கீழ்த்தாடை ரெண்டு துண்டு, தெரியுதுங்களா? நமக்கெல்லாம் மோவாயில ஒண்ணா ஒட்டியிருக்கும். இதுக்கு ஒட்டாது. நடுவுல ஒரு நாரு மட்டுந்தான். அதை நான் வெச்ச பாடு எனக்குத்தான் தெரியும். ஒட்டி வெச்சா தப்பு, ரொம்ப விலக்கி வெச்சாலும் தப்பு. பாக்க வர்றவங்க எல்லாம் சொல்வாங்க, பாம்பு எரையை முழுங்கறப்ப தாடை கழண்டுக்கும்னு. வாத்தியாருங்களே சொல்வாங்க. ஒண்ணும் கழலாதுங்க. தாடைக்கும் மண்டைக்கும் நடுவுல தனியா ஒரு எலும்பு தொங்குது பாருங்க, அது கதவுக் கீலு மாதிரி. அதனாலதான் வாய் அத்தனை அகலத்துக்குத் தொறக்குது. வலது பக்கம் எரையைப் புடிச்சிருக்கறப்ப இடது பக்கம் முன்னால போகும். இடது பக்கம் புடிச்சதும் வலது பக்கம் போகும். வாயாலயே எரை மேல நடந்து போகுதுங்க. பல்லு பூரா உள்ளுக்குச் சாய்ஞ்சிருக்குது. எரை திமிற திமிற உள்ளதான் போகும்.

நீங்க படிச்சவங்க, உங்ககிட்ட இதையெல்லாம் சொல்றேன் பாருங்க. இருந்தாலும் சொல்றேன். ஏன்னா இந்த மாரப்பனுக்கு ஒண்ணும் தெரியாது, மடையன்னு நீங்க நெனச்சிரக் கூடாது. இப்பத் தெரியும். அன்னிக்குத் தெரியலை. அதுதான் விசயமே.

தண்ணி வேணுங்களா? பையில என்னமோ தேடறீங்களே. இல்லையா, சரி.

இந்தப் பாம்பு ஆழியாத்துப் பக்கம் ஒரு தென்னந்தோப்புல செத்துச்சுங்க. போன வருசத்துக்கு முந்துன வருசம், மாசி மாசம். தோப்பைச் சுத்திக் கம்பி வலை. அதுக்கு அடியில ஆடு பூராதபடிக்கு எலந்தை முள்ளு வெட்டிப் போட்டிருந்தாங்க. பாம்பு எந்த வழியா வந்துச்சோ தெரியலை, ஒரு ஆட்டுக்குட்டியை முழுங்கிப் போடுச்சு. திரும்பிப் போறப்ப வலையில தலையை விட்டிருக்குது. தலை போச்சு, கழுத்துப் போச்சு, ஒரு முழம் போச்சு. குட்டி இருந்த எடம் போகலை. மலைப்பாம்பை மிரட்டுனா முழுங்குனதைக் கக்கிட்டு ஓடிரும், உங்களுக்குத் தெரியும். ஆனா இதுக்குக் கம்பி எரைக்கு முன்னால இறுக்கிடுச்சுங்க. கக்கவும் வழியில்லை. முன்னாலயும் போக முடியலை, பின்னாலயும் வர முடியலை. ரெண்டு நாள் இருந்துருக்கும்னு பாரஸ்ட்காரரு சொன்னாரு. நான் போய்ப் பாத்தப்ப கம்பி தோலை அறுத்து உள்ள போயிருந்துச்சு. நான் எத்தனையோ செத்த பிராணியைப் பாத்திருக்கேன். அதைப் பாத்துட்டு வந்த அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கலை.

நாச்சிமுத்து சார் இந்த மாதிரி ஒரு மலைப்பாம்புக்காகப் பல வருசமா எழுதி எழுதிக் கேட்டுட்டு இருந்தவரு. எலும்பு மட்டும் எடுத்துக்கலாம், தோலை எங்க கண்ணு முன்னால எரிச்சரணும்னு பாரஸ்ட் ஆபீஸ்ல அனுமதி குடுத்தாங்க. அன்னிக்குன்னு பாத்து சாரு கோயமுத்தூருல விடைத்தாள் திருத்தப் போயிருந்தாரு. மூணு வாரம் வர முடியாது. போன்ல எங்கிட்ட, "மாரப்பா, ஒரு எலும்பு கூடக் கொறையக் கூடாதுய்யா"ன்னாரு. கொறையாதுங்க சார்னேன். அவ்வளவுதான் பேச்சு. வேற ஒரு வார்த்தை சொல்லலை. அதுதான் எனக்கு அவரு மேல இருக்கற வருத்தமே. சொல்லியிருக்கலாமுங்க. ஒரே ஒரு வார்த்தை.

நான் வேலைய எப்பிடிப் பண்ணேன்னு கேளுங்க. பாம்பைப் பதினாறு துண்டாப் போட்டேன். ஒவ்வொரு துண்டையும் பழைய கொசுவலையில கட்டி, தகரத்துல நம்பர் அடிச்சு, தண்ணித் தொட்டியில ஊற வெச்சேன். சதை தானா அழுகி வரணும், வேக வெச்சா எலும்பு கெட்டுப் போகும். நாத்தம் தாங்காம தாவரவியல் துறைக்காரங்க வந்து சண்டை போட்டாங்க. எங்கூட்டுல எம் பொண்டாட்டி பழனாத்தா என்னைத் திண்ணையைத் தாண்டி உள்ள சேக்கலை, சோத்தைக் கொண்டாந்து தொழுவத்துல வெச்சுட்டுப் போவா. முந்நூத்தி இருபத்திரெண்டு முதுகெலும்புங்க மேடம். ஒண்ணுக்கொண்ணு ஒரே மாதிரி இருக்கும், ஆனா எடம் மாத்திக் கோத்தா உக்காராது. ஒண்ணு கூட நான் மாத்தலை. விலா எலும்பு எத்தனைன்னு எண்ணிப் பாருங்க, எங்கயாச்சும் ஒண்ணு கோணியிருக்கான்னு பாருங்க. முன்னால நெஞ்செலும்பு கெடையாது அதுக்கு, அதனால விலாவை நிறுத்தறதுதான் கஷ்டம்.

ஆனா அந்தத் தோலை உரிச்ச அன்னிக்கு ஒரு வேலை பண்ணேன். வாலுக்குக் கிட்ட, கழிவு வர்ற எடத்துக்கு ரெண்டு பக்கமும், ரெண்டு முள்ளு நீட்டிட்டு இருந்துச்சு. எலந்தை முள்ளுல பொரண்டு பொரண்டு செத்த பாம்பு. நான் என்ன நெனைப்பேன்? அய்யோ பாவம், சாகறப்ப முள்ளும் ஏறியிருக்குதேன்னு, கட்டிங் பிளேயரை வெச்சுப் புடுங்கி எறிஞ்சேன். கறுப்பா, வளைஞ்சு இருந்துச்சு. ரெண்டு பக்கமும் அளந்து வெச்ச மாதிரி இருக்குதேன்னு ஒரு நிமிசம் தோணுச்சு. தோணுனதோட சரி. பாரஸ்ட்காரரு வேற பக்கத்துல நின்னுக்கிட்டு, ஆச்சா, ஆச்சான்னு அவசரப்படுத்துனாரு.

அதுக்கப்பறம் அதே எடத்துல, சதைக்குள்ள, குச்சி மாதிரி சின்னச் சின்ன எலும்பு கெடந்துச்சு. முதுகெலும்போட ஒட்டலை. சும்மா சதைக்குள்ள மெதந்துட்டு இருந்துச்சு. வயித்துல ஆட்டுக்குட்டி இருக்குது. அதோட எலும்பு செரிக்காமப் பின்னால வந்து நிக்குதுன்னு நெனச்சேன். குட்டியோட எலும்பையும் அதையும் ஒண்ணா வாரி வேப்பமரத்துக்குப் பின்னால குழியில கொட்டிட்டேன். ஒரு எலும்பு கூடக் கொறையக் கூடாதுன்னு சொன்னாரு. பாம்பெலும்பு கொறையக் கூடாது, ஆட்டெலும்பு சேரவும் கூடாதுன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். தப்புங்களா?

சாரு வந்தாரு. பரப்பி வெச்சிருந்த எலும்பை எல்லாம் பாத்தாரு. அவரு மொகத்துல அப்பிடி ஒரு சந்தோசத்தை நான் பாத்ததில்லைங்க. எந் தோளைத் தட்டுனாரு. தட்டிட்டு, "கால் எங்கய்யா?"ன்னாரு.

என்ன காலுங்க சார்னேன். பாம்போட காலுன்னாரு. சாரு வெளையாடறாருன்னு சிரிச்சேன். அவரு சிரிக்கலை. அப்பறம் உக்காந்து சொன்னாரு. கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னால பாம்பெல்லாம் ஒரு மாதிரிப் பல்லியா இருந்துச்சாம். பொந்துக்குள்ளயும் மண்ணுக்குள்ளயும் நுழையறதுக்குக் காலு இடைஞ்சலாகி, தலைமுறை தலைமுறையாக் குறுகிப் போச்சாம். முன்னங்காலு சுத்தமாப் போயிருச்சு. நல்லபாம்புக்குப் பின்னங்காலும் இல்லை. மலைப்பாம்பு மாதிரி சிலதுக்கு மட்டும் போகாம மிச்சம் இருக்குது. உள்ள இடுப்பெலும்பு, தொடையெலும்புன்னு குச்சி குச்சியா. வெளிய நகம் மாதிரி ஒரு முள்ளு. "இந்தப் பாம்பை நான் கேட்டதே அதுக்குத்தான்யா. புஸ்தகத்துல படத்தைக் காட்டிக் காட்டி எனக்குச் சலிச்சுப் போச்சு. பையனுக கண்ணால பாக்கணும்"னாரு.

 இத்தனை வருசம் இந்தத் துறையில இருக்கேன், கரப்பான்பூச்சிக்கு எத்தனை பல்லுன்னு கேட்டா சொல்லுவேன். பாம்புக்குக் காலு இருந்துச்சுன்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லலை. வகுப்புல சொல்லியிருப்பாங்க. நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பேன், எனக்கெங்க தெரியும்?

தூக்கி எறிஞ்சுட்டேன் சார்னு சொல்லியிருக்கணும். சொல்ல வந்தேன். வாயில என்ன வந்துச்சு தெரியுங்களா? "அது தனியாக் காயுதுங்க சார்." இதுதான் வந்துச்சு. நான் யோசிச்சுச் சொல்லலை மேடம், சத்தியமா.

அப்படியே குழிக்கு ஓடுனேன். நாய் தோண்டிப் போட்டிருந்துச்சு. ஆட்டு எலும்பு ரெண்டு கெடைச்சுது, அதுவும் கடிச்சுப் போட்டது. மத்தியானம் பூரா மண்ணைச் சலிச்சேன். ஒண்ணுமில்லை. ரெண்டு நாள்ல கொண்டு வந்து காட்டறேன்னு சொல்லியாச்சு. அடுத்த மாசம் ஆய்வுக்குழு வருது. துறையில மொத்தமே பதினோரு பசங்க, இந்தக் குழு நல்லபடியா எழுதலைன்னா விலங்கியலை மூடிருவாங்கன்னு எல்லாரும் பேசிக்கறாங்க. சாரு இந்தப் பாம்பை நம்பித்தான் இருக்காரு. நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க.

ஸ்டோர்ல பழைய டப்பா ஒண்ணு இருக்குது. தவளை எலும்புங்க. அந்தக் காலத்துல அறுத்த தவளையெல்லாம் வீணாக்காம எலும்பெடுத்து வெச்சது. இப்ப அறுக்கறதை நிப்பாட்டிட்டாங்க, டப்பா மட்டும் கெடக்குது. அதுல ஒரே சைசுல ரெண்டு தொடையெலும்பு பாத்து எடுத்தேன். முள்ளுக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சேன். எங்கூட்டுல சேவல் இருக்குது, பொங்கலுக்குச் சேவச் சண்டைக்கு விடறது. அதுல ஒண்ணு அந்த வாரம் சீக்கு வந்து செத்துப் போச்சு. அதோட காலு முள்ளு ரெண்டையும் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, தேயிலைத் தண்ணியில ஊற வெச்சு நெறம் ஏத்துனேன். தொடையெலும்பு நுனியில வெச்சு ஒட்டுனேன். மேடம், அதை நீங்க பாத்தா அசந்து போயிருவீங்க. தப்புத்தான், இல்லைங்கலை. ஆனா வேலை சுத்தம்.

சாருகிட்டக் குடுத்தேன். கையில வாங்கி, சன்னல் பக்கம் கொண்டு போய்ப் பாத்தாரு. கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாத்தாரு, போட்டுக்கிட்டுப் பாத்தாரு. அளவெடுத்தாரு. அவருக்கே தெரியலைங்க. அதுதான் ஆச்சரியம். இந்தத் தவளை டப்பாவை வெச்சுத்தான் முப்பது வருசம் பாடம் நடத்தியிருக்காரு. துணிப்பைக்குள்ள எலும்பைப் போட்டு, பசங்களைக் கையை மட்டும் உள்ள விட்டு, தொட்டுப் பாத்து எந்த எலும்புன்னு சொல்லச் சொல்வாரு. பசங்க முழிப்பாங்க, அவரு கையை விட்டு டக்கு டக்குன்னு சொல்லுவாரு. அப்பேர்ப்பட்ட ஆளு என் வேலையில ஏமாந்துட்டாரு.

"மாரப்பா, இது இந்தப் பாம்புலருந்து எடுத்ததுதானே?"ன்னாரு. ஆமாங்க சார்னேன்.

ஒரு வாரம் கழிச்சு, டீ கொண்டு போய் வெச்சப்ப மறுபடியும் கேட்டாரு. ஆமாங்கன்னேன். வயசாச்சுல்லைங்க, கேட்டதையே கேப்பாரு.

மூணாவது, குழு வர்றதுக்கு முந்துன நாள் சாயந்திரம். பெட்டியைப் பூட்டப் போறேன். சாரு பின்னால வந்து நின்னாரு. "இல்லைன்னா இல்லைன்னு சொல்லிரு மாரப்பா. ஒண்ணும் கெட்டுப் போகாது. 'காலெலும்பு கிடைக்கவில்லை'ன்னு ஒரு அட்டையில எழுதி வெச்சிரலாம்"னாரு. எனக்குப் பொசுக்குன்னு கோவம் வந்துருச்சு. இருபத்திநாலு வருசம் உங்ககிட்ட இருக்கேன், என்னையச் சந்தேகப்படறீங்களான்னு கேட்டுட்டேன். எங்கம்மா மேல சத்தியம் பண்ணேன்.  அந்த ஆடற ஸ்டூல்ல ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. அப்பறம், சரி பூட்டுன்னாரு. பூட்டுனேன்.

குழு வந்துச்சு. அதுல ஒரு ஒல்லி ஆளு, இந்தப் பெட்டி முன்னாலயே நின்னுக்கிட்டாரு. போட்டோவா எடுத்துத் தள்ளுனாரு. இவ்வளவு நீளமாக் காலெலும்பு இருக்கற மலைப்பாம்பை நான் பாத்ததே இல்லை, இதைக் கட்டாயம் எழுதணும்னு பிரின்சிபால் கையைப் புடிச்சுச் சொன்னாரு. பின்ன, தவளைக் காலுல்லைங்க, நீளமாத்தான் இருக்கும். பிரின்சிபாலுக்குத் தலைகால் புரியலை. காலேஜ் கையேட்டுல அட்டைப்படமே இதைப் போட்டுட்டாரு. துறை தப்பிச்சுது. போன வருசம் இருபத்தெட்டுப் பசங்க சேந்தாங்க.

சாரு மட்டும் கட்டுரை எழுதலை. இன்னும் பாக்கணும், இன்னும் பாக்கணும்னே நாலு மாசம் தள்ளுனாரு. கடைசியில பிரின்சிபால் ரூமுக்குக் கூப்பிட்டு, இந்தப் பாம்பாலதான் உங்க துறை உசிரோட இருக்குது, நீங்க எழுதலைன்னா நான் யாரை வெச்சாவது எழுதச் சொல்றேன்னுட்டாரு. நான் டீ டம்ளர் எடுக்கப் போனப்பக் காதுல விழுந்துச்சு. அப்பறந்தான் எழுதுனாரு. நீங்க படிச்சிருப்பீங்களே அதை, அதுதான். பத்திரிகையில வந்ததும் பொன்னாடை போத்துனாங்க. அவரு குனிஞ்சே குடுக்கலைங்க, பிரின்சிபால் எக்கிப் போத்த வேண்டியதாப் போச்சு. அதுலருந்து ஆளே மாறிட்டாரு. மியூசியத்துக்குள்ள கால் வெக்கறதில்லை. டீ குடுத்தா வாசல்ல நின்னே குடிச்சுட்டுப் போயிருவாரு. எம் மொகத்தைப் பாக்கறதில்லை. பெரிய ஆளாயிட்டா அப்பிடித்தான் போலன்னு நானும் வுட்டுட்டேன். வெசனமாத்தான் இருந்துச்சு.

எம் பொழப்பைக் கேளுங்க. இந்தச் சாவி ராவும் பகலும் என் அரைஞாண் கயத்துலதான் கெடக்குது. குளிக்கறப்பக்கூடக் கழட்டறதில்லை. கட்டுரை வந்ததுலருந்து பதினாலு மாசமா நான் ஒரு நாள் லீவு போடலை. பழனாத்தாளோட தங்கச்சி பையன் கண்ணாலத்துக்குப் போகலை, அவ ரெண்டு மாசம் எங்கூடப் பேசலை. காய்ச்சல் நூத்திரெண்டு, வந்து இந்தப் பெட்டிக்கு முன்னால நாற்காலியைப் போட்டு உக்காந்திருந்தேன். நான் இல்லாதப்ப எவனாவது பூட்டை ஒடைச்சுத் தொறந்து பாத்துட்டா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைக கண்ணாடியில மூக்கை ஒட்டிப் பாக்கறப்பக்கூட நான் எந்திரிச்சுக் குறுக்க நின்னுக்கறேன். அடுத்த வருசம் நானும் ரிட்டையர் ஆகணும். சாவியை யாருகிட்டக் குடுக்கறது? எடுத்து எறிஞ்சிரலாம்னா, படம் ஊரு பூரா போயிருச்சு, எங்கன்னு கேப்பாங்க. வெச்சிருக்கவும் முடியலை. ஆழியாத்துல அந்தப் பாம்பு கெடந்த மாதிரிதான் கெடக்கறேன்.

இப்ப உங்களைக் கேக்கறது ஒண்ணேதான். இந்த மாசக் கடைசியில சாரு ரிட்டையர் ஆகறாரு. வெள்ளிக்கிழமை பிரிவு உபசார விழா. அவரு ஒரு தப்பும் பண்ணலை. என்னைய நம்புனாரு, அவ்வளவுதான். நீங்க லென்சை வெச்சுப் பாத்தா ஒரு நிமிசத்துல கண்டுபுடிச்சிருவீங்க. நீங்க எழுதுனா அவரு பேருதான் நாறும், அட்டெண்டர் பேரை யாரு எழுதப் போறாங்க? கண்ணாடிக்கு வெளிய நின்னு பாருங்க. நல்லா இருக்குதுன்னு பிரின்சிபால்கிட்டச் சொல்லிட்டு, சாப்புட்டுட்டு, பஸ் ஏறிருங்க. அந்த மனுசன் பேரோட ஊட்டுக்குப் போகட்டும். அதுக்கப்பறம் நீங்க என்ன வேணா எழுதுங்க, என்னைய ஜெயிலுக்கு அனுப்புனாலும் போறேன்.

என்னங்க இது? எனக்குங்களா? இதைத்தான் அப்போலருந்து பைக்குள்ள தேடிட்டு இருந்தீங்களா? நானும் உங்களைப் பேசவே வுடலை. குடுங்க.

இது சார் எழுத்துங்களே. இந்த ரூமுல இருக்கற ஒவ்வொரு பாட்டில்லயும் இந்த எழுத்துத்தான் ஒட்டியிருக்குது, எனக்குத் தெரியாதா. உங்களுக்கா எழுதியிருக்காரு? அப்ப உங்களை வரச் சொன்னது பிரின்சிபால் இல்லையா? இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன்.

"...தாங்களே நேரில் வந்து பெட்டியைத் திறந்து பார்த்து, தாமதமின்றி மறுப்புக் குறிப்பு வெளியிட வேண்டுகிறேன். தொடையெலும்புகள் தவளையினுடையவை. அவற்றைப் பொருத்தி வைத்தது நானே. ஆய்வக உதவியாளர் மாரப்பனுக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை. அவருக்கு இது தெரியவும் தெரியாது. நான் பணி ஓய்வு பெறும் முன் இது முடிந்தால் நிம்மதியாக இருக்கும்."

பொய்யுங்க மேடம்.

பொய்யி. அவரு வெக்கலை. அவருக்கு எந்தப் பசையில ஒட்டறதுன்னுகூடத் தெரியாது. நான் வெச்சேன். இத்தனை நேரம் உங்ககிட்ட என்ன சொல்லிட்டு இருந்தேன், நான்தானே வெச்சேன்னு சொன்னேன். எனக்குத் தெரியாதாம்ல. எப்பிடி எழுதியிருக்காரு பாருங்க.

தவளையினுடையவைன்னு எழுதியிருக்காரு. அப்பத் தெரிஞ்சிருக்குது. எப்பத் தெரிஞ்சுது? சன்னல் பக்கம் கொண்டு போனாரே, அப்பவேயா? கையில வாங்கறப்பவேயா? அப்பறம் எதுக்குங்க மூணு தடவை கேட்டாரு? தெரிஞ்சுக்கிட்டே கேட்டிருக்காரு. நான் வாயைத் தொறப்பேன்னு நின்னிருக்காரு. அட்டையில எழுதி வெச்சிரலாம்னு கூடச் சொன்னாரு. நான் எங்கம்மாவை இழுத்துச் சத்தியம் பண்ணேன். சத்தியம் பண்ணவனைப் பொய்யன்னு சொல்ல அவருக்கு மனசு வரலை. நான் என்னென்ன நெனச்சேன் அவரைப் பத்தி. வயசாச்சுன்னேன். பெருமை வந்துருச்சுன்னேன். வாசல்ல நின்னு எப்பிடிங்க அந்த டீயைக் குடிச்சாரு?

இல்லைங்க மேடம், ஒண்ணுமில்லை. அழுகை வந்துருச்சு. சித்த இருங்க.

மேடம், ஒரு தாள் குடுங்க. கிழிச்சே குடுங்க, பரவாயில்லை. சாவி இந்தாங்க, தொறந்துக்கங்க. லென்சை வெச்சு நல்லாப் பாருங்க, நகத்தடியில பசை தெரியும். அது என் கைப்பசை. நான் இங்க எழுதிக் குடுக்கறேன். சி. மாரப்பன், ஆய்வக உதவியாளர். நீங்க எழுதறப்ப இனிஷியலோட எழுதணும், காலேஜ்ல இன்னொரு மாரப்பன் இருக்கான், தோட்டக்காரன். அவனைப் போயி யாராவது கேட்டுறப் போறாங்க. ஆட்டு எலும்புன்னு நெனச்சுக் கொட்டுனதையும் எழுதறேன். சத்தியம் பண்ணதையும் எழுதறேன். சாரு கேட்டது மூணு தடவைன்னு தேதியோட எழுதறேன், எனக்குத் தேதி ஞாபகம் இருக்குது.

கதவு தட்டறாங்க பாருங்க. மணி இன்னும் பதினொண்ணு ஆகலையே. அவருதான், மெதுவாத் தட்டறாரு. "மாரப்பா, உள்ள இருக்கியா?"ங்கறாரு.

இருக்கறேனுங்க சார். ரெண்டு வரி பாக்கி இருக்குது, சித்த அங்கயே நில்லுங்க.